சாக்கில் வந்த சக்கரம்

டயர் கடைக்காரருக்கு நிம்மதி எல்லாம் வண்டி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும்தான். அதற்கு அப்புறம் அது எந்தக் கல்லில் ஏறுகிறதோ, எந்த வளைவில் சாய்கிறதோ, நாம் போட்ட ஒட்டு நிற்கிறதோ இல்லையோ என்று நம் மனசும் அதன் பின்னாலேயே போய்விடும். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களே, கேஸை அணைத்தோமா இல்லையா என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சீக்குக்கு வெப்ராளம் என்று பெயர். எனக்கு அது பிறவியிலேயே உண்டு.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற ரோட்டில் எங்கள் கடை. லாரி டயரும் பஸ் டயரும் என் வீட்டுக்காரர் ராஜன் பாடு. ஏடிவி என்று சொல்கிற அந்த நாலு சக்கர பைக் இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதும், "சக்கரம் சின்னதாக்கும், உன் கைக்கு அடங்கும்" என்று அதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். அடங்கினது சக்கரம் மட்டும்தான்.

இலவசக் காற்று

ஏடிவி டயரில் காற்று கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். காருக்கு முப்பது என்றால் இதற்கு ஐந்தோ ஆறோ போதும். சாதாரண மீட்டரில் அந்த அளவு தெரியவே தெரியாது, அதற்கென்று தனி மீட்டர் வாங்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் டயர் அமுங்கிக் கொடுக்கணும். அப்போதுதான் கல்லும் வேரும் வந்தால் அதைத் தழுவிக்கொண்டு ஏறும். இதை நான் வருகிற ஆட்களிடம் எல்லாம் சொல்வேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். போன பிறகு போன் பண்ணியும் சொல்வேன்.

திருவட்டாறு பக்கம் ஒருவர் கல்ஃபிலிருந்து வந்து நிலம் வாங்கி, அதில் ஓட்ட ஒரு வண்டியும் வாங்கினார். இளம் ரப்பர், நடுவில் வரிசை வரிசையாக அன்னாசி. டயர் அமுங்குவதைப் பார்த்து அவருக்குச் சங்கடம். வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய் முப்பது அடித்துவிட்டார். தோட்டத்தில் இறக்கி ஒரு வரப்பின் மேல் ஏற்றினதும் வண்டி பந்து மாதிரி எம்பி அவரை அன்னாசிக்குள் போட்டுவிட்டது. முள் குத்தாத இடம் முதுகில் இல்லை. கடைக்கு வந்தவரை உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டேதான் பேசினார். ஏன் அண்ணே முப்பது அடிச்சீங்க, நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே என்று கேட்டதற்கு அவர் கொடுத்த பதில்:

"காத்து அங்க ஓசிலா, கலா. கொஞ்சம் கூடப் போனா நமக்கு என்ன நட்டம்னு நினைச்சேன்."

சேறு இல்லாத இடத்தில்

டயர் தேர்ந்தெடுக்கிறது பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. எந்த வீட்டுக்குப் போகப் போகிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது. மணலா, பாறையா, சேறா, வெட்டின மரத்தின் குற்றிகள் நிறைந்த தோட்டமா என்று நான் முதலில் கேட்பேன். சேற்றுக்கு உள்ள டயரில் பல் பல்லாகப் பெரிய கட்டைகள் நிற்கும். அதைக் கெட்டித் தரையில் ஓட்டினால் வண்டி உதறும், கட்டை சீக்கிரம் தேயும், திருப்பும்போது நாம் நினைத்த பக்கம் வராது.

அணைக்குப் போகிற வழியில் டூரிஸ்ட் தங்குகிற வீடு ஒன்று உண்டு. அதன் முதலாளி வந்து, கடையில் இருப்பதிலேயே பெரிய பல் உள்ள சேற்று டயரைக் கையால் தடவிப் பார்த்தார். வண்டி எங்கே ஓடும் என்று கேட்டேன். வீட்டைச் சுற்றிப் பாவின கல்லில் ஓடுமாம், வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பார்களாம். சின்னப் பிள்ளைகளும் ஏறும் என்றார். இந்த டயர் அங்கே வேண்டாம், வழுக்கும், பிள்ளைகள் விழும், பரந்த பல் உள்ள இதை எடுங்கள் என்று அரைமணி நேரம் மன்றாடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சேறு இல்லன்னுதானே உனக்குக் கவலை? ரெண்டு லோடு மண்ணடிச்சு தண்ணி விட்டா சேறு ஆயிட்டுப் போவுது."

செல்வமணி அண்ணன்

இவர்கள் எல்லாம் விளையாட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள். செல்வமணி அண்ணன் அப்படி இல்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு வலது கால் சூம்பிவிட்டது. பைக்கைக் காலூன்றி நிறுத்த முடியாது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலைச்சரிவில் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடியுமுன்னே வெட்டுக்காரர் வந்து மரத்தைக் கீறிவிட்டுப் போய்விடுவார். மரத்தில் கட்டின சிரட்டைகளில் நிறைகிற பாலைச் சேர்த்து, அதை உறைய வைத்து ஷீட் அடிக்கிற கீழ்க் கொட்டகைக்குக் கொண்டு வருவது அண்ணன் வேலை. முன்பெல்லாம் அதற்கு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய ஏடிவி ஒன்றை வாங்கின பிறகு, வண்டியில் இருந்தபடியே மரத்துக்கு மரம் நிறுத்தி அவரே பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்குவார். வழியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் ஒன்றும் கிடையாது. கீழே அணைத் தண்ணீர் தெரியும். ஒரு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

வண்டியோடு வந்த டயர் எல்லாம் மொட்டை. மூங்கில் முள்ளும் மரக்குற்றியும் உள்ள இடம் என்பதால் தடித்த அடுக்கு உள்ள டயராகப் பார்த்து, மண்ணைப் பிடிக்கவும் பாறையில் உதறாமல் இருக்கவும் நடுத்தரமான பல் உள்ளதாக எடுத்தேன். நாலும் புதுசு. சக்கரங்களை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, டயரின் விளிம்பு உட்காருகிற இடத்தைக் கண்ணாடியாக்கி, நானே மாட்டினேன். வண்டி போன பிறகு, டயரில் உள்ள அம்புக்குறி முன்பக்கம்தான் பார்க்கிறதா என்று சந்தேகம். போன் பண்ணிப் பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார். சாயங்காலம் மறுபடியும் கேட்டேன். அண்ணன் கோபப்படவில்லை.

"கேளு பிள்ளே, கேளு. நீ மாட்டி விட்டது வண்டிக்கு டயரு இல்ல, எனக்குக் காலாக்கும்."

மைனியின் பலாப்பழம்

மூங்கில் முளைக்கிற காலம் தாண்டி, செல்வமணி அண்ணனின் மனைவி வசந்தா மைனி ஒரு நாள் சாக்கு மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். உள்ளே இடது முன்சக்கரம். சாயங்காலம் காற்று அடித்தால் காலையில் டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறதாம். ஏடிவியை ரோட்டில் ஓட்டக்கூடாது, ஒவ்வொரு தடவையும் வண்டி பிடித்து ஏற்றிவர முடியாது, அதனால் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டு வந்துவிட்டார். கண்டக்டர் என்ன மூட்டை என்று கேட்டதற்குப் பலாப்பழம் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து சீட்டில் இருந்தவர் வாசனையே வரவில்லையே என்று இறங்குகிற வரைக்கும் சாக்கை முகர்ந்துகொண்டே வந்தாராம்.

காற்றை நிறைய அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். குமிழி வரவில்லை. சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன், அதிலும் வரவில்லை. முள், ஆணி எதுவும் கண்ணில் படவில்லை. வால்வு பின்தான் கெட்டிருக்கும் என்று புதுசு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மைனி மறுபடியும் சாக்கோடு நின்றார். காற்று மெல்ல இறங்குகிறதுதான் இந்தத் தொழிலில் பெரிய துரோகம். பட்டென்று வெடித்தால் எங்கே என்று தெரியும். இது முன்னால் சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வேலையைக் காட்டும். மறுபடி முக்கினேன், மறுபடி ஒன்றும் இல்லை. சும்மா அனுப்பக்கூடாதே என்று பின்னை மறுபடியும் மாற்றினேன். அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய வண்டிதானே, முன்னால் வைத்திருந்தவர் ஓட்டை அடைக்கிற மருந்து ஏதாவது ஊற்றியிருப்பார் என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். சக்கரத்தைத் தரையில் எத்தனை தடவை உருட்டினாலும் ஒரே பக்கம்தான் அடியில் வந்து நின்றது. அதையும் பார்த்தேன், யோசிக்கவில்லை.

மைனி சாக்கைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அவரு மேல போனா, வண்டிச் சத்தம் திரும்பிக் கேக்குத வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது கலா."

புது டயரில் பழைய மருந்தா?

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். கிழக்கே வானம் மூடிக்கொண்டு வந்தது. சிரட்டையில் மழை விழுந்தால் அன்றைய பால் வீண், அதனால் ரப்பர்காரர்கள் எல்லாரும் அவசர அவசரமாகப் பால் எடுக்கிற நேரம். செல்வமணி அண்ணனும் இப்போது வேகமாகத்தான் இறங்குவார் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த வெள்ளைப் பிசின் ஞாபகம் வந்தது. பழைய ஆள் ஊற்றின மருந்து பழைய டயரோடு போயிருக்கும். இது புதுசு. சக்கரத்தை உள்ளும் வெளியும் தேய்த்துச் சுத்தம் பண்ணி மாட்டினதே நான்தான். பிறகு அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

அண்ணனுக்குப் போன் அடித்தேன், மேலே டவர் கிடையாது. மைனிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நெம்புகோல்களையும் கை பம்பையும் ஸ்கூட்டரில் தூக்கிப் போட்டேன். ராஜன் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, என்னவாம் என்று கேட்டார். சொன்னேன். போன மாசம் இப்படித்தான் ஒருவருடைய நட்டை முறுக்கினேனா இல்லையா என்று மார்த்தாண்டம் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய், அவருடைய தங்கச்சி கல்யாண மண்டபத்தில் வைத்து நட்டை முறுக்கிவிட்டு வந்தவள் நான். அது ஏற்கனவே முறுக்கித்தான் இருந்தது. அதைச் சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மழைக்கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"உனக்கு வெப்ராளம் இல்லன்னாத்தான் ஏட்டி நான் பயப்படணும். போயிட்டு வா."

மேலே சத்தம் இல்லை

நான் போய்ச் சேர்ந்தபோது வசந்தா மைனி முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் உள்ளே அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை. வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம், திடீரென்று நின்றுவிட்டதாம். மரத்துக்கு மரம் நிறுத்துவார்தான், ஆனால் இவ்வளவு நேரம் நிற்காது என்றார். நாங்கள் ரெண்டு பேரும் ஏறினோம். ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வளைவில் போய்க் கீழே எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மைனிதான் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

வளைவுக்கு மேலே, மரத்தடியில் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் அண்ணன் தரையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பால் கேன்கள் நிறைந்திருந்தன. இடது முன்டயர் சப்பையாகக் கிடந்தது. அதன் வால்வு பின்னைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, மாட்டுக்கு மருந்து ஏற்றுகிற பெரிய சிரிஞ்சில் ரப்பர் பாலை உறிஞ்சி வால்வுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு சின்ன பாட்டில். மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடுங்குகிற அந்தப் புளிப்பு நாற்றம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியும். ஷீட் அடிக்கும்போது பாலைக் கட்டியாக்க ஊற்றுகிற ஆசிட். அதையும் அடுத்து சிரிஞ்சில் எடுக்கப் போனார்.

நான் கத்தின கத்தலில் பாட்டில் கையிலிருந்து நழுவியிருக்கும், மைனி போய்ப் பிடுங்கிக்கொண்டார். அண்ணனுக்கு எங்கள் பதற்றம் விளங்கவே இல்லை. மாசக்கணக்காகச் செய்கிறாராம், யாரிடமும் சொல்லத் தோன்றவில்லையாம். முதலில் ஒரு மூங்கில் முள் ஏறியிருக்கிறது. கடையில் பாட்டிலில் விற்கிற அடைப்பு மருந்தும் ரப்பர் பால்தானே, நம்மிடம் இல்லாத பாலா என்று ஒரு சிரட்டைப் பாலை உள்ளே விட்டிருக்கிறார். அதுவரைக்கும் அவர் சொன்னதில் தப்பு இல்லை. பால் அடியில் போய்த் தேங்கிக் கிடந்ததே தவிர இறுகவில்லை. பிறகு?

"பாலு உறையணும்னா ஆசிட் விடாண்டாமா? இதுகூடத் தெரியாமலா நான் இத்தன காலமா ஷீட் அடிக்கேன்?"

சக்கரத்தின் உள்ளே

சக்கரத்தைக் கழற்றினேன். சாதாரணமாக ஏடிவி டயரின் விளிம்பைச் சக்கரத்திலிருந்து பிரிக்க எனக்கு மேல்மூச்சு வாங்கும். அன்றைக்கு காலால் ஒரு மிதி, பொலபொலவென்று துருவோடு கழன்று வந்தது. உள்ளே ஒரு பக்கம் பெரிய ரப்பர் கட்டி, இட்லித் தட்டில் மாவு வழிந்து வெந்த மாதிரி. முள் குத்தின ஓட்டையை அது அடைத்துத்தான் இருந்தது. ஆனால் ஆசிட் சக்கரத்தின் இரும்பைச் சுற்றிலும் தின்றிருந்தது. நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. டயர் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. நான் கடையில் காற்றை நிறைய அடித்துத் தொட்டியில் முக்கினபோது, அந்த அழுத்தத்தில் விளிம்பு இறுக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே அண்ணனும், பாலும், வண்டியின் எடையும், கொஞ்சமான காற்றும் சேர்ந்தால் அது விலகும். சக்கரம் தனியாகச் சாக்கில் வந்ததால் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது.

நான் அண்ணனின் விரலைப் பிடித்து அந்தத் துருவின் மேல் வைத்தேன். தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி வளைவைப் பார்த்தார். பாரத்தோடு அந்த இடத்தில் வண்டியைத் திருப்பும்போது டயர் கழன்றால் என்ன ஆகும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மழை விழத் தொடங்கியது. அப்படியும் அவருக்கு மனசு வரவில்லை. காற்றை நிறைய அடித்து இன்றைக்கு மட்டும் பையப் போய்விடலாம், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், பால் முழுக்க வீணாகிறதே என்றார். வண்டியில் இருந்த அவர் பம்பையும் என் பம்பையும் எடுத்து நான் பின்னால் மறைத்துக்கொண்டேன். மைனி அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தார். ஒரு கேனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையை அண்ணனிடம் நீட்டினார்.

"மரத்துல பாலு நாளைக்கும் ஊறும். நீரு ஊறமாட்டீரு. எறங்கும் கீழ."

தினமும் ஒரு போன்

நாகர்கோவிலில் சொல்லி வைத்து புதுச் சக்கரம் வந்தது. இந்தத் தடவை வண்டியையே லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரச் செய்தேன். அண்ணனை மேலே உட்கார வைத்து, பால் கேன்களில் தண்ணீர் நிரப்பிப் பின்னால் கட்டி, அதுவும் போதாமல் ராஜனை முன்பக்கம் ஏறச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே ஏறினார். டயர்களை ஒவ்வொன்றாகச் சோப்பு நுரையால் குளிப்பாட்டி, ஹேண்டில்பாரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பச் சொல்லி, முழங்கால் போட்டுக் கிடந்து பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. அந்த சிரிஞ்சை மைனி மாட்டுத் தொழுவத்தில் ஒளித்து வைத்திருப்பதாக எனக்கு மட்டும் சொன்னார். பஞ்சர் ஆனால் உள்பக்கம் ஒட்டு போட வேண்டும், ஆசிட் பாட்டிலை வண்டியின் பக்கத்திலேயே கொண்டு போகக் கூடாது என்று அண்ணனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னார்.

வண்டி போய்விட்டது. என் மனசும் வழக்கம்போல அதன் பின்னாலேயே போய்விட்டது. மறுநாள் காலையில் புட்டும் கடலையும் முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மலை இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. வசந்தா மைனி. என்னை அலோ சொல்லக்கூட விடவில்லை. அன்றிலிருந்து மழை இல்லாத எல்லா நாளும் அந்த நேரத்துக்கு அந்த போன் வருகிறது, அதே வார்த்தையோடு:

"சத்தம் கேட்டுட்டு கலா. அவரு எறங்கியாச்சு. நீ தின்னு."

டயருக்குப் பயம் என்பது கிடையாது, அதனால் அதற்கும் சேர்த்து யாராவது ஒருவர் பயப்பட வேண்டியிருக்கிறது, எங்கள் கடையில் அந்த வேலையும் என் தலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது.